அடுத்தது எப்போது? வெந்நீர் ஊற்றை வைத்துக் கணிப்புக் கோடு பழகுவோம்

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில், வயோமிங் மாநிலப் பகுதியில், ஓல்ட் ஃபெய்த்ஃபுல் என்று ஒரு வெந்நீர் ஊற்று இருக்கிறது. 1870-இல் அந்தப் பக்கம் வந்த வாஷ்பர்ன் குழுவினர் வைத்த பெயர். திடீரென்று பொங்கிக் கொதிநீரை 30 மீட்டருக்கு மேல் பீய்ச்சி அடிக்கும். சில நிமிடத்தில் அடங்கிவிடும். அப்புறம் ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ சும்மா கிடக்கும். பார்க்க வந்தவர்களுக்கு இருப்பது ஒரே கேள்வி: அடுத்தது எப்போது? ஒரு காபி குடித்துவிட்டு வர நேரம் இருக்கிறதா?

பூங்கா ஊழியர்கள் இதற்குப் பதில் சொல்கிறார்கள். ஊற்று எவ்வளவு நேரம் பீய்ச்சியது என்று பார்ப்பார்கள். அதை வைத்து அடுத்த முறை எத்தனை மணிக்கு என்று அறிவிப்பார்கள், 10 நிமிடம் முன்பின் ஆகலாம் என்ற குறிப்போடு. இதில் மாயம் ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரமே பீய்ச்சினால் உள்ளே சூடான நீர் நிறைய மிச்சம் இருக்கும்; மறுபடி நிரம்பிச் சூடேற அதிக நேரம் ஆகாது. நீண்ட நேரம் பீய்ச்சினால் உள்ளே காலி, காத்திருப்பும் நீளும்.

ஒன்றைப் பார்த்து இன்னொன்றைச் சொல்வது. சிதறல் வரைபடமும் அதன் குறுக்கே போடும் கோடும் இதற்காகத்தான். பாடப்புத்தகங்களில் 'சிதறல் விளக்கப்படம்', 'தொடர்புப் போக்கு' என்ற பெயர்களில் படித்திருப்பீர்கள், பரீட்சை முடிந்ததும் மறந்தும் இருப்பீர்கள். பரவாயில்லை. ஒரு கிராஃப் தாள், பென்சில், கால்குலேட்டர் இருந்தால் போதும், இன்று மாலையே ஒரு கணிப்பு போட்டுவிடலாம்.

முதலில் எண்கள்

ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளை நிறுவினால், இந்த ஊற்றின் 272 பதிவுகள் 'ஃபெய்த்ஃபுல்' என்ற பெயரில் கூடவே வரும். அதன் முதல் பத்தை எடுத்துக்கொள்வோம். கையால் கணக்குப் போட வசதியாக, நேரத்தை ஒரு தசமத்துக்குச் சுருக்கியிருக்கிறேன். முதல் எண் ஊற்று பீய்ச்சிய நேரம், இரண்டாவது அடுத்த பீய்ச்சலுக்குக் காத்திருந்த நேரம். இரண்டும் நிமிடத்தில்.

3.6 – 79
1.8 – 54
3.3 – 74
2.3 – 62
4.5 – 85
2.9 – 55
4.7 – 88
3.6 – 85
2.0 – 51
4.4 – 85

பென்சிலைத் தொடுவதற்கு முன் ஒரு முடிவு எடுக்க வேண்டும்: எது எந்த அச்சில்? நமக்கு முன்னாலேயே தெரிந்துவிடுவது கிடைமட்ட எக்ஸ் அச்சில், கணிக்க வேண்டியது செங்குத்தான ஒய் அச்சில். இங்கே பீய்ச்சிய நேரம் கையில் இருக்கிறது, காத்திருப்புதான் தெரியாது. எனவே பீய்ச்சிய நேரம் எக்ஸ், காத்திருப்பு ஒய். சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் இதை மாற்றிப் போட்டால் வேறு கோடு வரும். அதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாலும் சரியான கோடு கிடைக்காது.

புள்ளி வைப்பது

எக்ஸ் அச்சை 1-லிருந்து 5 வரை, ஒய் அச்சை 40-லிருந்து 100 வரை குறித்துக்கொள்ளுங்கள். பூஜ்யத்தில் தொடங்கியே ஆக வேண்டும் என்று இல்லை. தொடங்கினால் புள்ளிகள் எல்லாம் ஒரு மூலையில் போய் ஒண்டிக்கொள்ளும். பத்துப் பதிவுக்கும் பத்துப் புள்ளி வையுங்கள். புள்ளிகளைக் கோலம் போல ஒன்றோடொன்று இணைக்க வேண்டாம். புதிதாகச் செய்பவர்களுக்கு அந்த ஆசை எப்படியோ வந்துவிடுகிறது.

இப்போது தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பாருங்கள். கீழே இடது பக்கத்திலிருந்து மேலே வலது பக்கத்துக்குப் புள்ளிகள் ஏறுகின்றனவா? ஏறுகின்றன. நேராக ஏறுகின்றனவா, வளைகின்றனவா? ஏறக்குறைய நேர்தான். கூட்டத்தை விட்டு விலகி நிற்கும் புள்ளி உண்டா? ஒன்று உண்டு: 2.9 நிமிடம் பீய்ச்சிவிட்டு 55 நிமிடத்திலேயே மறுபடி வந்தது. அதைப் பென்சிலால் லேசாக வட்டமிடுங்கள். அழிக்க வேண்டாம். எழுதியதில் பிழையா என்று மட்டும் சரிபாருங்கள். பிழை இல்லை என்றால் அதுவும் ஊற்று செய்த வேலைதான், இருந்துவிட்டுப் போகட்டும்.

இந்தப் பார்வையைத் தாண்டிக் கணக்குக்குள் ஓடாதீர்கள். 1973-இல் பிரான்சிஸ் ஆன்ஸ்கோம்ப் என்ற புள்ளியியலாளர் நான்கு தரவுத் தொகுப்புகளை உருவாக்கிக் காட்டினார், ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள். நான்குக்கும் சராசரி ஒன்றே. கோட்டின் சமன்பாடும் ஒன்றே. வரைந்து பார்த்தால் ஒன்று சாதாரணச் சிதறல், ஒன்று வளைகோடு, மற்ற இரண்டிலும் தனியாக நிற்கும் ஒரே புள்ளி மொத்தக் கணக்கையும் இழுத்துக்கொண்டு போகிறது. கால்குலேட்டருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. கண்ணுக்கு ஒரு நொடியில் தெரியும்.

வளைவுக்கு உதாரணம் வீட்டிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டு வீட்டு மின்கட்டணத்தை எக்ஸில் யூனிட், ஒய்யில் ரூபாய் என்று வரைந்து பாருங்கள். தொடக்க யூனிட்கள் இலவசம் என்பதால் படம் தரையோடு கிடந்துவிட்டு, அப்புறம் ஸ்லாப் மாற மாறச் செங்குத்தாகிக்கொண்டே போகும். இதன் குறுக்கே ஒரே நேர்கோட்டைப் போட்டுக் கரண்ட் பில்லைக் கணித்தால் குறைவாகச் செலவழிப்பவருக்கும் தப்பு, அதிகமாகச் செலவழிப்பவருக்கும் தப்பு.

கோடு: நூலால் ஒன்று, கணக்கால் ஒன்று

ஒரு முழம் கறுப்பு நூலை எடுத்து, இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துத் தாளின் மேல் வையுங்கள். மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம் என்று புள்ளிகள் இரண்டு பக்கமும் பிரியும்படி நகர்த்துங்கள். ஒரு துப்பு: எக்ஸின் சராசரி 3.31, ஒய்யின் சராசரி 71.8. அந்த இடத்தில் ஒரு சிலுவைக்குறி போட்டு, நூல் அதன் வழியாகப் போகட்டும். கணக்கு போட்டு வரும் கோடும் அதன் வழியாகத்தான் போகும். இந்த நூல் கோடே பல வேலைக்குப் போதும். கணக்கு வந்த பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள், கை எவ்வளவு நெருங்கி வந்திருக்கிறது என்று ஆச்சரியப்படுவீர்கள்.

ஆனால் ஆளுக்கு ஆள் நூல் மாறும். எல்லோருக்கும் ஒரே கோடு வர ஒரு விதி வேண்டும். ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் கோடு வரை நேர் மேலாகவோ நேர் கீழாகவோ, அதாவது ஒய் திசையில், எவ்வளவு தூரம் என்று அளக்க வேண்டும். அப்படியே கூட்டினால் மேலே 9-ம் கீழே 9-ம் ஒன்றையொன்று தின்றுவிடும். எனவே ஒவ்வொரு தூரத்தையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகை மிகச் சிறிதாக வரும் கோட்டைத் தேர்ந்தெடுக்கிறோம். மீச்சிறு வர்க்க முறை என்பது இதுதான். பிரெஞ்சுக் கணிதவியலாளர் லெஜாந்தர் 1805-இல் இதை அச்சில் வெளியிட்டார். 'நான் முன்பே பயன்படுத்திக்கொண்டிருந்தேன்' என்று ஜெர்மன் கணிதவியலாளர் கவுஸ் 1809-இல் சொல்ல, இருவருக்கும் மனஸ்தாபம் ஆனது தனிக்கதை.

கையால் போடுவது இப்படி. முதல் பதிவு 3.6 – 79. எக்ஸ் சராசரியிலிருந்து அது 0.29 கூடுதல், ஒய் சராசரியிலிருந்து 7.2 கூடுதல். இரண்டையும் பெருக்கினால் 2.09. இரண்டாவது பதிவு 1.8 – 54. எக்ஸில் 1.51 குறைவு, ஒய்யில் 17.8 குறைவு; மைனஸும் மைனஸும் பெருகி 26.88. இப்படிப் பத்துக்கும் பெருக்கிக் கூட்டினால் 129.42. தனியாக, எக்ஸ் வித்தியாசங்களை மட்டும் வர்க்கப்படுத்திக் கூட்டினால் 9.89. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 13.09. இதுதான் சாய்வு. கோடு சராசரிப் புள்ளி வழியாகப் போக வேண்டும் என்பதால், 71.8-லிருந்து 13.09 × 3.31-ஐக் கழித்தால் 28.47. கோடு தயார்:

காத்திருப்பு = 28.47 + (13.09 × பீய்ச்சிய நேரம்)

சாய்வை வாய்விட்டுப் படியுங்கள்: 'ஊற்று ஒரு நிமிடம் அதிகமாகப் பீய்ச்சினால், காத்திருப்பு சுமார் 13 நிமிடம் கூடுகிறது.' இப்படி ஒரு வாக்கியமாகச் சொல்ல வரவில்லை என்றால், அந்த எண் இன்னும் உங்களுக்குப் புரியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 28.47-க்கு அப்படி ஒரு அர்த்தம் தேட வேண்டாம். பூஜ்ய நிமிடம் பீய்ச்சினால் 28 நிமிடக் காத்திருப்பு என்று ஆகும். பீய்ச்சவே இல்லை என்றால் காத்திருப்பு எங்கிருந்து வரும்? கோட்டைச் சரியான உயரத்தில் தூக்கி நிறுத்தும் முட்டுக்கட்டை அது, அவ்வளவுதான்.

கம்ப்யூட்டரில் செய்பவர்களுக்கு: எக்செல்லில் இரண்டு வரிசையையும் தேர்ந்தெடுத்து, இன்செர்ட்டில் போய் 'ஸ்கேட்டர்' படத்தைச் சொடுக்குங்கள். 'லைன்' படம் வேண்டாம். லைன் படத்தில் உங்கள் எக்ஸ் எண்கள் வெறும் பெயர்ப்பலகை ஆகிவிடும். மென்பொருள் தன் பாட்டுக்கு 1, 2, 3 என்று எண்ணிக்கொண்டு அதற்கு ஒரு சமன்பாடு தரும். பார்க்க ஒழுங்காக இருக்கும், முழுக்கத் தப்பாக இருக்கும். ஸ்கேட்டர் படம் வந்ததும் ஒரு புள்ளியின் மேல் வலது சொடுக்கி 'ட்ரெண்ட்லைன்' சேருங்கள். சமன்பாட்டைக் காட்டு என்ற கட்டத்தில் டிக் போடுங்கள். படம் வேண்டாம், எண் போதும் என்றால் ஸ்லோப் (நம் 13.09), இன்டர்செப்ட் (நம் 28.47) என்ற இரண்டு ஃபார்முலாக்கள் உண்டு. இரண்டிலும் முதலில் ஒய் வரிசை, அப்புறம்தான் எக்ஸ். இங்கே தடுக்கி விழாதவர் குறைவு. நம் கணக்கில் மாற்றிக் கொடுத்தால் 13.09-க்குப் பதில் 0.07 போல ஏதோ வந்து நிற்கும்.

கோடு பார்க்காத பதிவில் சோதனை

கோடு போட உதவிய அதே பத்துப் புள்ளிகளுக்குக் கோடு பொருந்துகிறது என்று மகிழ்வதில் அர்த்தமில்லை. வினாத்தாளை முன்கூட்டியே பார்த்துவிட்டு மார்க் வாங்கிய கதைதான் அது. அதனால்தான் பத்தோடு நிறுத்தினேன். பட்டியலின் அடுத்த ஐந்து பதிவுகள் கோட்டுக்குத் தெரியாதவை. அவற்றின் பீய்ச்சிய நேரத்தை மட்டும் சமன்பாட்டில் போடுவோம்.

1.8 நிமிடம்: கணிப்பு 52.0, நடந்தது 54.
3.9 நிமிடம்: கணிப்பு 79.5, நடந்தது 84.
4.2 நிமிடம்: கணிப்பு 83.4, நடந்தது 78.
மறுபடி 1.8 நிமிடம்: கணிப்பு 52.0, நடந்தது 47.
4.7 நிமிடம்: கணிப்பு 90.0, நடந்தது 83.

ஐந்தும் 10 நிமிடத்துக்குள். ஆனால் இது நல்ல கணிப்புதானா என்று சொல்ல, சோம்பேறிக் கணிப்பு ஒன்றோடு ஒப்பிட வேண்டும். எதையும் பார்க்காமல் ஒவ்வொரு முறையும் சராசரியான 71.8-ஐயே சொல்லிக்கொண்டிருந்தால்? இதே ஐந்தில் ஒன்றே ஒன்றுதான் 10 நிமிடத்துக்குள் வரும். நான்காவதில் கிட்டத்தட்ட 25 நிமிடம் தப்பும். கோடு தன் சம்பளத்தை வாங்கத் தகுதியானது என்று எனக்குத் தெரிவது இந்த ஒப்பீட்டில்தான். ஆர் ஸ்கொயர் என்று மென்பொருள் காட்டும் எண்ணும் (நம் பத்துப் பதிவுக்கு 0.86) சொல்வது இதே கதையைத்தான்: சராசரியை மட்டும் சொன்னால் வரும் பிழை வர்க்கங்களில் 86 விழுக்காட்டைக் கோடு துடைத்துவிட்டது.

எவ்வளவு முன்பின்?

பட்டியலில் 3.6 நிமிடம் இரண்டு முறை வருகிறது. ஒருமுறை 79 நிமிடம் கழித்து வந்தது, இன்னொரு முறை 85. கோட்டிடம் கேட்டால் இரண்டுக்கும் 75.6 என்று ஒரே பதில்தான் சொல்லும். எனவே 'இத்தனை நிமிடம்' என்று மொட்டையாகச் சொல்லும் கணிப்பு அரைகுறைக் கணிப்பு. எவ்வளவு தப்பலாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அதற்கு, பத்துப் புள்ளிக்கும் நடந்ததற்கும் கோடு சொன்னதற்கும் உள்ள வித்தியாசத்தை எழுதுங்கள். நாம் வட்டமிட்ட 2.9 – 55 புள்ளிக்குக் கோடு 66.4 என்கிறது, வித்தியாசம் மைனஸ் 11.4. எல்லாவற்றையும் வர்க்கப்படுத்திக் கூட்டினால் சுமார் 276. இதைப் பத்தால் வகுக்காமல் எட்டால் வகுக்கிறோம், ஏனென்றால் சாய்வு ஒன்று, உயரம் ஒன்று என்று இரண்டு எண்ணைத் தரவிலிருந்தே கடன் வாங்கிவிட்டோம். வர்க்கமூலம் எடுத்தால் 5.87. அதாவது கோடு வழக்கமாக 6 நிமிடம் அளவில் தப்புகிறது. அதன் இரண்டு மடங்கு, ±12 நிமிடம் என்று சொன்னால் நூற்றுக்குச் சுமார் 95 முறை சரியாக இருக்கும் என்பது பொதுவான கணக்கு. பத்தே பதிவை வைத்துப் போட்ட கோட்டுக்கு அவ்வளவு தைரியம் கூடாது. நான் ±15 என்றுதான் சொல்வேன்.

272 பதிவுக்கும் சேர்த்துக் கோடு போட்டால் சமன்பாடு 33.47 + (10.73 × பீய்ச்சிய நேரம்) என்று மாறுகிறது. 2 நிமிடப் பீய்ச்சலுக்கு இரண்டு கோடும் ஏறக்குறைய 55 என்றே சொல்கின்றன. 4 நிமிடத்துக்கு நம் கோடு 80.8, பெரிய கோடு 76.4. நாலு நிமிடத்துக்கு மேல் வித்தியாசம்! கணக்கில் பிழை எதுவும் இல்லை. பத்துப் பதிவில் எந்தப் பத்து கையில் மாட்டியது என்பதும் ஒரு யோகம்தான்.

முழுப் படத்தில் இன்னொன்றும் தெரியும். புள்ளிகள் ஒரே கூட்டமாக இல்லை, இரண்டு கூட்டமாக நிற்கின்றன: 2 நிமிடத்தைச் சுற்றி ஒன்று, 4-லிருந்து 4.5 வரை இன்னொன்று. நடுவில் 3 நிமிடப் பக்கம் கிட்டத்தட்டக் காலி. சராசரிக் காத்திருப்பு 70.9 நிமிடம் என்று பெருமையாகச் சொன்னாலும், ஊற்று அந்த 71-ஆவது நிமிடப் பக்கம் வருவதே குறைவு. ஒவ்வொரு கூட்டத்தையும் தனியாகப் பார்த்தால், பீய்ச்சிய நேரத்துக்கும் காத்திருப்புக்கும் உள்ள பிணைப்பு முழுப் படத்தில் தெரியும் அளவுக்கு இறுக்கமாக இல்லை. கோட்டின் பலத்தில் பெரும்பங்கு 'இது குட்டையா, நெட்டையா' என்று பிரித்துச் சொல்வதில்தான் இருக்கிறது. இதைச் சமன்பாடு சொல்லாது, படம்தான் சொல்லும்.

எங்கே நிறுத்துவது

நம் பத்துப் பதிவின் எக்ஸ் 1.8-லிருந்து 4.7 வரை. கோடு பேசத் தகுதியான எல்லையும் அதுதான். 10 நிமிடம் பீய்ச்சினால் என்ன ஆகும் என்று கேட்டால் கோடு கூச்சமே இல்லாமல் 159 நிமிடம் என்று ஒரு பதில் தரும். அங்கே அதற்கு எந்த அனுபவமும் கிடையாது.

இதில் பெரிய இடத்தவர்களும் மாட்டிக்கொண்டதுண்டு. 2004-இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் ஒரு குறுங்கட்டுரை வந்தது. ஒலிம்பிக் 100 மீட்டர் ஓட்டத்தில் வென்ற ஆண்கள், பெண்கள் நேரங்களுக்குத் தனித்தனியே நேர்கோடு போட்டு, 2156-ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் பெண்கள் ஆண்களை முந்திவிடக்கூடும் என்றது. பெண்களுக்கு 8.079 நொடி, ஆண்களுக்கு 8.098 நொடி. மூன்று தசமம் வரை! உடனே ஒரு வாசகர் அதே இதழுக்கு எழுதினார்: இதே கோட்டை இன்னும் நீட்டினால் சுமார் 2636-இல் பூஜ்ய நொடிக்கும் குறைவாக ஓடுவார்களே, அந்தப் பந்தயம் இதைவிடச் சுவாரஸ்யமாக இருக்குமே என்று. துப்பாக்கி வெடிப்பதற்கு முன்பே ஓடி முடித்துவிடுவார்கள்.

எக்ஸ் எல்லைக்குள்ளேயே இருந்தாலும் கோட்டுக்கு வயதாகும். இந்த 272 பதிவுகளும் 30 ஆண்டுக்கு மேல் பழையவை. 1959-இல் ஹெப்ஜென் ஏரிப் பக்கமும், 1983-இல் ஐடஹோவின் போரா சிகரப் பக்கமும் வந்த நிலநடுக்கங்களுக்குப் பிறகு ஊற்றின் இடைவெளி நீண்டது. இப்போது வழக்கமான காத்திருப்பு ஒன்றரை மணி நேரத்தை ஒட்டி இருக்கிறது. நம் சமன்பாட்டை நம்பி இன்று அங்கே போய் நிற்பவர் வேண்டிய நேரத்துக்கு முன்பே பெஞ்சில் இடம் பிடித்து உட்கார்ந்திருப்பார்.

ஆகவே சமன்பாட்டை மட்டும் தனியாக எழுதி வைக்காதீர்கள். எத்தனை பதிவு, எப்போது எடுத்தது, எக்ஸ் எதிலிருந்து எதுவரை, எவ்வளவு முன்பின் என்று தாளின் மூலையிலேயே பென்சிலால் குறித்துவிடுங்கள். என் தாளின் மூலையில் இருப்பது: '10 பதிவு. பழைய தரவு, 30 வருடத்துக்கு மேல். 1.8 முதல் 4.7 நிமிடம் வரை மட்டும். ±15.'